கண்ணால் பார்க்காமல் உடற்பயிற்சி: வீட்டுக் கூடத்தில் எப்படிப் பழகுவது?

"இப்ப காலை இப்படி வைங்க... கையை அப்படியே இங்க கொண்டு வாங்க... அவ்வளவுதான், சூப்பர்! இன்னும் நாலு!"

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யச் சொல்லித்தரும் காணொளிகளில் பேச்சு இப்படித்தான் ஓடும். ஒருமுறை கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். 'இப்படி' என்றால் எப்படி? 'இங்க' என்றால் எங்கே? கடைசியில் மிஞ்சுவது பின்னணி இசை மட்டும்தான்.

பார்வைக் குறைபாடுள்ள விளையாட்டாளர் வீட்டில் பயிற்சியைத் தொடங்கும்போது முதலில் தடுக்குவது நாற்காலி அல்ல, இந்த 'இப்படி'தான். உடம்பு தயாராக இருக்கும், மனமும் தயாராக இருக்கும். சொல்லித்தரும் முறைதான் கண்ணை நம்பி அமைந்திருக்கிறது. அதை மாற்றினால் மூவறை வீட்டின் கூடமே ஒரு நல்ல பயிற்சிக்கூடம் ஆகிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

வீடு ஏன் முக்கியம்?

பார்வைக் குறைபாடுள்ளோர் பங்கெடுக்கும் விளையாட்டுகள் பலவற்றில் இன்னொருவர் துணை தேவை.

ஓட்டப் போட்டிகளில் டி11 எனும் பிரிவில் இருப்பவர்களுக்குப் பார்வை அறவே இருக்காது, அல்லது வெளிச்சம் மட்டும் தெரியும். அவர்கள் கண்ணை மறைக்கும் பட்டை அணிந்து, வழிகாட்டி ஓட்டக்காரருடன் ஒரு சிறு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவர். டி12 பிரிவில் ஓரளவு பார்வை இருக்கும். வழிகாட்டி வேண்டுமா இல்லையா என்பது ஓடுபவரின் விருப்பம். டி13 பிரிவினர் தனியே ஓடுவர். நீச்சலில் எஸ்11 பிரிவினர் நீச்சல்குளச் சுவரை நெருங்கும்போது, மென்மையான நுனி கொண்ட கோலால் ஒருவர் தட்டி "சுவர் வந்துவிட்டது" என்று உணர்த்துவார். சைக்கிளோட்டத்திலோ இருவர் மிதிக்கும் சைக்கிள். முன்னால் பார்வையுள்ளவர், பின்னால் பார்வைக் குறைபாடுள்ளவர்.

நம் ஊரிலும் இத்தகைய விளையாட்டாளர்கள் உண்டு. தோக்கியோ 2020 பாராலிம்பிக் போட்டியில் சிங்கப்பூரைப் பிரதிநிதித்தவர்களில் சைக்கிளோட்டி ஸ்டீவ் டீ வீ லியோங்கும் அவருடைய முன்னோட்டி ஆங் கீ மெங்கும் அடங்குவர். நீச்சல் வீராங்கனை சோஃபி சூன் தோக்கியோவுக்கும் சென்றார், பாரிஸ் 2024 போட்டிக்கும் சென்றார். பாரிஸில் நீந்திய கோலின் சூனும் பார்வைக் குறைபாடுள்ளவர்.

துணை என்பது பலம். சில வேளைகளில் அதுவே ஓர் எல்லையாகவும் ஆகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் கென்ய வீரர் ஹென்றி வான்யொய்க்கே 5,000 மீட்டர் ஓட்டத்தில் வெகுதூரம் முன்னால் இருந்தார். கடைசி நேரத்தில் களைத்துத் தடுமாறியது அவருடைய வழிகாட்டி! பார்வை இல்லாத வான்யொய்க்கே, பார்வையுள்ள வழிகாட்டியை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டித் தங்கம் வென்றார்.

அது போட்டி நாள். வழக்கமான நாள்களில் என்ன நடக்கிறது? வழிகாட்டிகள் பெரும்பாலும் தொண்டூழியர்கள். வேலை, குடும்பம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வந்தாலே பெரிது. மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போச்சு. மீதி நாள்களில் உடம்பைத் தயார்ப்படுத்த வீட்டைவிட்டால் வேறு இடம் இல்லை.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பில் இருந்த 'சர்க்கியூட் பிரேக்கர்' காலம் இதைப் பளிச்செனக் காட்டியது. விளையாட்டுக் கூடங்கள் மூடப்பட்டன. மற்றவர்களாவது பூங்காவில் தனியாக ஓட முடிந்தது. கயிற்றின் மறுமுனையை இன்னொருவர் பிடித்தால்தான் ஓட முடியும் என்பவர் 1 மீட்டர் பாதுகாப்பு இடைவெளியை எப்படிக் கடைப்பிடிப்பார்?

கண் இல்லாமல் உடம்பு எப்படி நிற்கிறது?

சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக்காலைத் தூக்குங்கள். சுலபம்தானே? இப்போது கண்ணை மூடுங்கள். சில வினாடிகளில் கணுக்கால் ஆடத் தொடங்கிவிடும்.

உடம்பு நிலையாக நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. ஒன்று கண். இன்னொன்று உள்காது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது சொல்லும். மூன்றாவது தசையிலும் மூட்டிலும் பாதத்திலும் உள்ள உணர்வு. கண்ணிலிருந்து தகவல் வராவிட்டால் மற்ற இரண்டும் கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

"பார்வை இல்லாதவங்களுக்கு மத்த புலன் எல்லாம் தானாவே கூர்மையா ஆயிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். தானாக ஆவதில்லை. பழகப் பழகத்தான் ஆகிறது. விழுந்துவிடுவோமோ என்று கவனமாகவே நடந்து பழகியவருக்குக் காலடி குறுகிவிடும், பாதங்கள் அகன்றுவிடும், கழுத்தும் தோளும் எப்போதும் இறுகியே இருக்கும். தலை கவிழ்ந்து நடப்பதும் உண்டு. பார்வை எவ்வளவு என்பதைவிட, ஓடியாட எவ்வளவு வாய்ப்புக் கிடைத்தது என்பதே இதில் பெரிய பங்கு வகிக்கிறது.

ஆகையால் வீட்டுப் பயிற்சியில் கைத்தசை பெருக்குவதற்கு அவசரம் வேண்டாம். கணுக்கால், இடுப்பு, முதுகு இவற்றுக்குத்தான் முதலிடம். ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை விரல்நுனியில் தொட்டபடி நேர்கோட்டில் நடப்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். கண்ணை மூடிச் செய்து பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி!

வெறுங்காலில் செய்தால் பாதம் தரையை நன்றாக உணரும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் காலணி அணிந்தே செய்ய வேண்டும். அடிபட்டால்கூட அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

முதலில் தரையைச் சரிசெய்யுங்கள்

கோல்பால் என்ற விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவாக்கப்பட்டது. அணிக்கு மூவர். எல்லாருமே கண்ணை மறைத்துக்கொள்வர். பந்து 1.25 கிலோகிராம், உள்ளே மணிகள் இருக்கும். அந்த ஆட்டத்தில் ஓர் அருமையான சின்ன உத்தி உண்டு. திடலின் கோடுகள் வெறும் சாயம் அல்ல. மெல்லிய கயிற்றைத் தரையில் வைத்து அதன்மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். காலாலும் கையாலும் தடவினால் "நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் பார்க்கிறேன்" என்பது உடனே தெரிந்துவிடும்.

இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரலாம். செலவு சில வெள்ளிதான்.

கூடத்தில் ஒரு நிரந்தர இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வழுக்காத ரப்பர் பாயை விரித்து, அதன் நான்கு மூலைகளும் எங்கே வருகின்றன என்று தரையில் கயிறும் டேப்பும் ஒட்டிக் குறித்துவிடுங்கள். பாயின் நடுவே குறுக்காக இன்னொரு கோடு. ஒவ்வொரு பயிற்சிக்கும் அந்தக் கோட்டில் தொடங்கினால், குதித்துக் குதித்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கும் ஆபத்து இல்லை. கைகளை எல்லாப் பக்கமும் நீட்டிச் சுழன்று பாருங்கள். எதிலும் படக்கூடாது. மேலேயும்தான், மின்விசிறியை மறந்துவிட வேண்டாம்.

நின்ற இடத்தில் ஓடும்போது உடம்பு தெரியாமலேயே திரும்பிவிடும். அதற்கு வானொலியைக் குறைந்த சத்தத்தில் எப்போதும் ஒரே மூலையில் வைத்தால் போதும். ஒலி வலது காதுப் பக்கம் நகர்ந்தால், நீங்கள் இடப்பக்கம் திரும்பியிருக்கிறீர்கள். இரண்டு காதிலும் செவிப்பொறி மாட்டிக்கொண்டால் இந்த வசதி போய்விடும்.

நிலைபெறும் பயிற்சிக்கு இரண்டு சுவர் சேரும் மூலை மிக நல்ல இடம். முதுகுக்குப் பின்னால் மூலை, முன்னால் ஒரு கனமான நாற்காலியின் முதுகு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ள ஏதாவது இருக்கும்.

எடைகளை அடையாளம் காண ரப்பர் வளையம் போதும். ஒரு கிலோவுக்கு ஒன்று, இரண்டு கிலோவுக்கு இரண்டு. இழுவைப் பட்டையில் முடிச்சுப் போட்டு வைக்கலாம். செய்து முடித்த எடையைத் தரையில் போடாமல் பெட்டிக்குள் வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து அதில் இடறப்போவது நீங்கள்தான். எடை வாங்கவில்லையா? 5 கிலோ அரிசி மூட்டை எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு விதி: பயிற்சி இடத்தில் எதையும் வைக்காதீர்கள், இருப்பதை நகர்த்தாதீர்கள். பார்வையுள்ளவர்களுக்கு இது அற்ப விஷயம். ஆனால் பெரும்பாலான விபத்துகளை இந்த ஒரு விதியே தவிர்த்துவிடும்.

"வேணாம்பா, பார்த்து... விழுந்துடப் போற" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். அன்புதான், சந்தேகமில்லை. ஆனாலும் நாட்டுக்காக விளையாட நினைக்கும் 25 வயதுப் பிள்ளையை நாற்காலியிலேயே உட்கார வைப்பதும் அந்த அன்புதான். தரை ஒழுங்காக இருந்தால் அம்மாவின் பயத்தில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு அவரையும் பாயில் இறங்கச் சொல்லலாம்!

அடுத்தது சொல்

நல்ல பயிற்றுவிப்பாளர் கண்ணுக்குப் பதில் சொல்லைக் கொடுப்பார். அதற்குச் சில வழிகள் உள்ளன.

திசைக்குக் கடிகாரம். நேர் முன்னால் 12 மணி, வலப்பக்கம் 3 மணி, பின்னால் 6 மணி. "வலது காலை 2 மணிப் பக்கம் வைங்க" என்றால் குழப்பமே இல்லை. தூரத்துக்கு உங்கள் உடம்பே அளவுகோல். ஒரு பாத நீளம், ஒரு சாண், தோள் அகலம். "கொஞ்சம் அகட்டுங்க" என்பதைவிட "தோள் அகலத்துக்கு அகட்டுங்க" என்பது எவ்வளவோ மேல்.

ஸ்குவாட் எனும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். காணொளியில் "அப்படியே கீழ போய் மேல வாங்க" என்று முடித்துவிடுவார்கள். அதையே பார்க்காதவருக்குச் சொல்ல வேண்டுமானால் இப்படி இருக்கலாம்:

"நாற்காலிக்கு முன்னால, அதுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. கெண்டைக்கால் நாற்காலி விளிம்பைத் தொடணும். தொடுதா? இப்ப அரை அடி முன்னால வாங்க. பாதம் ரெண்டும் தோள் அகலம். வலது கட்டைவிரல் 1 மணி, இடது கட்டைவிரல் 11 மணி. கை ரெண்டையும் முன்னால நீட்டுங்க, தோள் உயரத்துக்கு. இப்ப உட்காரப் போற மாதிரி முதல்ல இடுப்பைப் பின்னால தள்ளுங்க, அப்புறம் முட்டியை மடக்குங்க. பின்பக்கம் நாற்காலியை லேசாத் தொட்டதும் நிறுத்துங்க, உட்கார வேண்டாம். பாரம் எங்க தெரியுது? குதிகால்ல தெரிஞ்சா சரி. விரல் நுனியில தெரிஞ்சா இடுப்பு இன்னும் பின்னால போகணும். மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திருங்க."

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு நாள்தான் இவ்வளவும் தேவைப்படும். பிறகு "நாற்காலி, பத்து" என்றாலே போதும். இதில் கவனிக்க வேண்டியது, 'சரியா, தப்பா' என்பதைச் செய்பவரே கண்டுகொள்ள வழி இருக்கிறது. நாற்காலியைத் தொடுவது ஓர் அளவு, குதிகால் பாரம் இன்னோர் அளவு. பார்வையுள்ளவர் கண்ணாடியில் பார்ப்பதை இவர் உடம்பால் பார்க்கிறார்.

சிறுவயதில் பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட்டவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கை காதில், முதுகு நேராக, உட்கார்ந்து எழு. அதைக் கற்றுக்கொள்ள யாரும் காணொளி பார்க்கவில்லையே!

சொல் போதாத இடத்தில் தொடுகை உதவும். அதற்கும் முறை உண்டு. "தோள்பட்டையில கை வைக்கலாமா?" என்று கேட்டு, சம்மதம் வாங்கி, எந்த இடத்தைத் தொடப்போகிறோம் என்று சொன்ன பிறகே தொட வேண்டும். பார்க்க முடியாதவருக்குக் கை வருவது முன்கூட்டித் தெரியாது. அதற்கு மாற்றாக, பயிற்றுவிப்பாளர் அந்த அசைவைச் செய்யும்போது விளையாட்டாளர் அவருடைய தோளையோ முதுகையோ தொட்டு அறிந்துகொள்ளலாம். பலருக்கு இந்த இரண்டாவது வழிதான் சட்டென்று புரிகிறது.

இருக்கும் பார்வையைக் காப்பாற்றுங்கள்

பார்வைக் குறைபாடுள்ளவர்களில் மிகப் பலருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும். நிழல் தெரியலாம், நிறம் தெரியலாம், பெரிய எழுத்துத் தெரியலாம். தவறான பயிற்சி அந்த மிச்சத்தையும் கெடுக்கக்கூடும். பொதுவான காணொளிகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

கண் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், யோகாசனம் செய்பவர்கள் சிரசாசனத்தில் இருக்கும்போது அந்த அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரியவந்தது. தலைகீழாக நின்றால்தான் என்றில்லை. கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் 'டவுன்வர்ட் டாக்' நிலையிலும் அழுத்தம் ஏறுவதை நியூயார்க் ஆய்வு ஒன்று காட்டியது. எளிய விதி: தலை இடுப்புக்குக் கீழே போக வேண்டாம்.

மூச்சை அடக்கிக்கொண்டு கனத்தைத் தூக்குவதும் கண் அழுத்தத்தை ஏற்றும். நீரிழிவால் விழித்திரையில் புதிய, மெல்லிய ரத்தக் குழாய்கள் உருவாகியிருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அந்தக் குழாய்கள் கசியக்கூடும். எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது நல்லது. சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்கவே முடியாது.

சிங்கப்பூரில் கிட்டப்பார்வை மிகப் பரவலாக இருப்பது நமக்குத் தெரியும். அது மிகக் கடுமையாக இருந்தால் விழித்திரை விலகும் அபாயம் கூடுதல். அத்தகையவர்களும் விழித்திரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் குதிக்கும் பயிற்சிகளைத் தொடங்குமுன் கண் மருத்துவரிடம் "எனக்கு எதெல்லாம் கூடாது?" என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. திடீரென மின்னல்போல் வெளிச்சம், புதிதாக மிதக்கும் புள்ளிகள், திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் இருட்டு... இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "காலையில பார்த்துக்கலாம்" என்பது வேண்டாம்.

வெளிச்சம் கூசும் பிரச்சினை உள்ளவர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் பயிற்சி செய்யலாம். வெளிச்சத்தை அறவே உணராதவர்களில் பலருக்கு உடம்பின் கடிகாரம் குழம்பித் தூக்கம் தள்ளித் தள்ளிப் போகும். தினமும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்தால் அவர்களுக்கு ஓரளவு ஒழுங்கு கிடைக்கலாம்.

எந்த விளையாட்டுக்கு எது?

ஓடுபவருக்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசை முக்கியம். கயிற்றைப் பிடித்திருக்கும் கையின் வீச்சு மற்றக் கையைவிடக் குறுகிவிடும், உடம்பு அந்தப் பக்கமே திரும்பும். வீட்டில் கையில் ஒன்றும் இல்லாமல், நின்ற இடத்தில் இரண்டு கையையும் சமமாக வீசிப் பழகுவது அதைச் சரிசெய்யும்.

கோல்பால் ஆட்டக்காரர்கள் மெத்தையைத் தரையில் போட்டு, குந்திய நிலையிலிருந்து பக்கவாட்டில் நீட்டிப் படுத்து மறுபடி எழுந்து பழகலாம். கழக வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மெத்தை சத்தத்தைக் குறைக்கும்; இரவு நேரத்தில் அதுவும் வேண்டாம். ஸ்கிப்பிங் கயிறும் அப்படித்தான். அதைக் கீழே வெற்றுத்தளத்துக்குக் கொண்டுபோங்கள்.

நீச்சல் வீரர்கள் இழுவைப் பட்டையைக் கனமான, அசையாத ஒன்றில் கட்டிக் கைவீச்சைப் பழகலாம். இருவர் சைக்கிளில் பின்னால் மிதிப்பவருக்கு நிலையான சைக்கிள் இயந்திரமே போதும். தாளமானி ஒலிக்கு ஏற்ப மிதித்தால் முன்னோட்டியின் வேகத்தோடு சேர்வது எளிதாகும்.

கருவிகளும் உதவியும்

கைத்தொலைபேசியில் திரையை வாசித்துக் காட்டும் வசதி ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற பெயர்களில் இலவசமாகவே இருக்கிறது. பீ மை ஐஸ் செயலியில் காணொளி அழைப்பு மூலம் தொண்டூழியர் ஒருவரிடம் "என் முதுகு நேரா இருக்கா?" என்று கேட்கலாம்.

உடற்பயிற்சிக் கூட இயந்திரங்கள்தான் இன்னும் வழிக்கு வரவில்லை. முன்பு பொத்தானைத் தடவிக் கண்டுபிடிக்கலாம். இப்போது எல்லாம் வழவழப்பான தொடுதிரை. புதுமை என்ற பெயரில் ஒரு கதவை மூடிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

வீட்டைத் தாண்டிப் போக விரும்பினால், லெங்கோக் பாரு பகுதியில் உள்ள எனேபலிங் வில்லேஜில் எல்லாருக்கும் ஏற்ற உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. போட்டி விளையாட்டில் ஆர்வமுள்ளவர்கள் சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றத்தை நாடலாம். தோ பாயோ ரைஸில் உள்ள சிங்கப்பூர்ப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் சேவையாற்றுகிறது. ஓட வழிகாட்டி தேடுபவர்களுக்கு ரன்னிங்ஹவர் ஓட்டக் குழு உண்டு.

பயிற்றுவிப்பாளர் கிடைத்தால் முதல் வேலையாக ஒன்றைக் கேளுங்கள். உங்கள் பாய், உங்கள் நாற்காலி, உங்கள் கண் நிலைமை மூன்றையும் மனத்தில் வைத்து, 20 நிமிடக் குரல்பதிவு ஒன்றைச் செய்துதரச் சொல்லுங்கள். தமிழிலேயே இருக்கலாம். ஒவ்வொரு பயிற்சிக்கும் இடையே போதிய இடைவெளி விடச் சொல்லுங்கள். அடுத்த இடத்துக்கு மாற, தடவிப் பார்த்து நிற்க, உங்களுக்குக் கூடுதலாக அரை நிமிடமாவது வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு உடம்பு பழகிவிடும். அப்போது புதிய பதிவு தேவைப்படும்.